டாக்டருமல்ல, மெக்கானிக்குமல்ல!

நீலகிரி மலையில் எமரால்டு என்று ஓர் ஊர் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? ஊட்டிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பூங்காவையும் படகையும் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எமரால்டுக்குப் போக இன்னொரு பஸ் ஏற வேண்டும். தேயிலைச் சரிவுகள், காரட்டும் முட்டைக்கோஸும் பூண்டும் விளைகிற பாத்திகள், அவற்றின் காலடியில் பச்சையாக ஒரு நீர்த்தேக்கம். அந்த ஊரிலிருந்து ஒரு தாயார் எனக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. ஒரே மகள். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்துப் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் எழுதினாள், இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. எஞ்சினீயரிங் கட்-ஆஃப் நன்றாக வந்திருக்கிறது. கிண்டியில் பயோ மெடிக்கல் எஞ்சினீயரிங் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். 'அது டாக்டர் வேலையா, மெக்கானிக் வேலையா?' என்று அவள் தாத்தா கேட்கிறார். கோயமுத்தூரில் இருக்கும் என் தம்பி, 'கம்ப்யூட்டரில் சேர்த்துவிடு அக்கா' என்கிறான். போன வருஷம் என் மாமியார் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில் யந்திரம் ரிப்பேர் என்று சொல்லிக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். மலைப் பாதையில் இறங்கும்போது பாட்டியின் தலை பேத்தியின் மடியில் இருந்தது. பாட்டி திரும்பி வரவில்லை. அன்றிலிருந்துதான் இவளுக்கு இந்த நினைப்பு. துக்கத்தில் எடுத்த முடிவு நாலு வருஷம் தாங்குமா, நீங்களே சொல்லுங்கள்."

கடைசி வரியில் இருப்பதுதான் உண்மையான கேள்வி. ஆனால் தாத்தாவின் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். ஏனென்றால் அதே கேள்வியை மயிலாப்பூரிலும் மதுரையிலும் கூடக் கேட்கிறார்கள்.

டாக்டர் வேலையும் இல்லை, மெக்கானிக் வேலையும் இல்லை. அப்படியானால் என்னதான் வேலை? நம் சமையலறையிலிருந்தே சொல்கிறேன். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் அசைந்து கொடுக்காது. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 100 டிகிரி வரை காத்திராமல் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் வைத்தால் காரியம் முடிந்தது.

ஆஸ்பத்திரியிலும் ஒரு பெரிய குக்கர் உண்டு. ஆட்டோகிளேவ் என்று பெயர். ஆபரேஷன் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் அதில் வைத்து, 121 டிகிரி நீராவியில் கிருமியைக் கொல்வார்கள். சென்னையில் அழுத்தமானி 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி இருக்கும். அதே யந்திரத்தை ஊட்டிக்குக் கொண்டுபோய், அதே 15 பவுண்டில் முள்ளை நிறுத்தினால் உள்ளே சுமார் 117 டிகிரிதான். முள் சரியாகத்தான் நிற்கிறது. நர்ஸம்மாவும் புத்தகத்தில் உள்ளபடி சரியாகத்தான் செய்கிறார். ஆனால் உள்ளே போதிய சூடு இல்லை! மலைமேல் இன்னும் மூன்று, நான்கு பவுண்டு ஏற்றியாக வேண்டும். இப்போது வருகிற யந்திரங்கள் வெப்பத்தையே நேராக அளந்து தம்மைத் தாமே சரி செய்துகொள்கின்றன. அளக்கிற அந்தக் கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டுமே? டாக்டர் பார்ப்பாரா? அவருக்கு நோயாளியைப் பார்க்கவே பொழுது போதவில்லை. திருகாணியை முடுக்கத் தெரிந்த மெக்கானிக்குக்குக் கிருமி எத்தனை டிகிரியில் சாகும் என்பது தெரியாது. இரண்டும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்கிற படிப்புத்தான் இது.

இந்தத் தொழிலின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சாவித்திரியின் கதை. எமன் பின்னால் போன நம் சாவித்திரி அல்ல. ஸ்வீடன் தேசத்துச் சாவித்திரி. எல்ஸ்-மாரி என்று பெயர். அவள் கணவர் ஆர்னே லார்ஸனுக்கு வயது 43. இருதயம் அடிக்கடி நின்று நின்று போகும். ஒரு நாளில் எத்தனையோ தடவை நினைவு தப்பி விழுவார். இருதயத்தை மின்சாரத்தால் தட்டி எழுப்பும் கருவியை விலங்குகளிடம் சோதித்து வருகிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டாள். ஆக்கே சென்னிங் என்ற சர்ஜனிடமும், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற எஞ்சினீயரிடமும் மாறி மாறிப் போய் நின்றாள். "மனிதனுக்கு வைக்கிற மாதிரிக் கருவி எங்களிடம் இல்லையே" என்றார்கள். "இல்லையென்றால் செய்யுங்கள்" என்றாள். விட்டாளா பாருங்கள்! எல்ம்க்விஸ்ட் உட்கார்ந்து ஒரு கருவி செய்தார். அச்சு வார்க்க அவருக்குக் கிடைத்தது ஒரு பூட்ஸ் பாலிஷ் டப்பா. 1958 அக்டோபர் 8-ஆம் தேதி அதை லார்ஸனின் உடம்புக்குள் வைத்தார்கள். உலகத்தில் முதல் முதலாக ஒரு மனிதனுக்குள் வைக்கப்பட்ட பேஸ்மேக்கர் அதுதான். சில மணி நேரத்தில் அது நின்றுவிட்டது. கைவசம் இருந்த இரண்டாவதை வைத்தார்கள். அப்புறம் மாற்றி மாற்றி இருபதுக்கு மேல் வைத்துக்கொண்டு, 86 வயது வரை இருந்து, 2001-இல்தான் அவர் காலமானார். சர்ஜனும் எஞ்சினீயரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த எல்ம்க்விஸ்ட் யார் என்று நினைக்கிறீர்கள்? டாக்டருக்குப் படித்துவிட்டு எஞ்சினீயர் வேலைக்குப் போனவர்! அவர் வீட்டுத் தாத்தாவும் எமரால்டுத் தாத்தாவைப் போலவே கேட்டிருப்பாரோ என்னவோ.

சரி, படிப்புக்கு வருவோம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் இது நாலு வருஷப் படிப்பு. முதல் வருஷம் மற்ற எஞ்சினீயரிங் மாணவர்களைப் போலவே கணக்கு, பௌதிகம், ரசாயனம் எல்லாம் உண்டு. பிறகு ஒரு கை உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. உடற்கூறு, உடலின் இயக்கம், உயிர் வேதியியல், கிருமிகள். இன்னொரு கை மின்சாரத்தைப் பிடித்துக்கொள்கிறது; சுற்றுகள், சிக்னல்கள், உணர்கருவிகள், ஸ்கேன் படங்களைக் கணினியில் தெளிவாக்கும் முறை. பாடத்தின் ஒரு பகுதியாக ஆஸ்பத்திரிக்கே போய் யந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். டாக்டர் சீட் கிடைக்காத ஏக்கத்துக்கு மருந்து என்று நினைத்து இந்தப் படிப்பில் சேருகிற பெண்கள் உண்டு. 'மெடிக்கல்' என்ற வார்த்தை பெயரில் இருக்கிறது, வெள்ளைக் கோட்டின் வாசனையாவது கிடைக்கும் என்று நினைத்து வருகிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் கணக்கு! நோயாளிக்கு ஒரு மாத்திரை எழுதித் தர இந்தப் பட்டம் அனுமதிக்காது. பயாலஜி பிடிக்கும், கணக்கு என்றால் ஜுரம் வரும் என்கிற பெண்ணை இதில் தள்ளாதீர்கள்.

கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஈ.ஸி.ஜி. எடுத்துக்கொள்வோமே. இருதயம் துடிக்கும்போது தோலுக்கு வந்து சேருகிற மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சுற்றிலுமோ சுவரில், விளக்கில், மின்விசிறியில் நொடிக்கு 50 தடவை அலையடிக்கும் வீட்டு மின்சாரம். அந்த இரைச்சலும் கம்பி வழியே சேர்ந்து வந்துவிடுகிறது. தேர்க் கூட்டத்தில் அத்தனை மேளதாளத்துக்கும் நடுவே தாய்க்குத் தன் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறதல்லவா? அதை ஒரு யந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இரைச்சலை அதிகமாக வடிகட்டினால் குழந்தையின் குரலும் கூடவே போய்விடும். டாக்டர் பார்க்க வேண்டிய கோணல் காகிதத்தில் விழாது. எவ்வளவு வடிகட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் கணக்கு.

அந்தப் பெண்ணின் பாட்டியைப் பற்றி நினைக்கும்போது இன்னொரு கருவி ஞாபகம் வருகிறது. கொரோனா வந்த வருஷம் நாமெல்லாரும் பிள்ளைகளின் விரலிலும் பெரியவர்களின் விரலிலும் மாட்டி மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிமீட்டர்! 1970-களில் ஜப்பானில் தாகுவோ அவோயாகி என்ற எஞ்சினீயர் கண்டுபிடித்த வழி அது. விரலின் ஊடே ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு என்று கணக்கிடுகிறது. எமரால்டில் மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படிந்து கிடக்கும். குளிரில் விரைத்த விரலுக்கு ரத்தம் சரியாக வராது. அந்த விரலில் மாட்டினால் கருவி தடுமாறும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று 2020-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. கறுப்பு நிறத்தவர்களுக்கு ரத்தத்தில் பிராண வாயு குறைந்து போயிருந்தும் கருவி 'சரியாக இருக்கிறது' என்று காட்டிவிடுவது, வெள்ளை நிறத்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக நடந்திருக்கிறது என்று கண்டார்கள். தோலின் நிறம் ஒளியைக் குடித்துவிடுகிறது. அப்படியானால் மாநிறமும் கறுப்புமாக இருக்கிற நம் ஊரில் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? இதைக் கேட்க வேண்டியவர்கள் நம் பெண்கள்தாம். வேறு யார் வந்து நமக்காகக் கேட்கப்போகிறார்கள்?

இப்போது அந்தத் தாயாரின் கேள்வி. துக்கத்தில் எடுத்த முடிவு தாங்குமா?

அம்மா, துக்கத்தில் தொடங்குவது தப்பில்லை. எல்ஸ்-மாரி தொடங்கியதும் பயத்திலும் கண்ணீரிலும்தான். ஆனால் இந்தத் தொழிலில் பலன் மெதுவாக வரும். நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தானும், எஞ்சினீயர் ஜி. எஸ். புவனேஸ்வரும் அவர்களுடைய குழுவும் இருதய வால்வு ஒன்றை இந்தியாவிலேயே செய்வது என்று முனைந்தார்கள். சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போன ஏழைகள் நம் நாட்டில் ஏராளம். வெளிநாட்டு வால்வை வாங்க அவர்களால் முடியாது. சின்னத் தட்டு ஒன்று கூண்டுக்குள் திறந்து மூட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது. பத்து வருஷத்துக்குச் சுமார் 38 கோடித் தடவை, ஒரு தடவை கூடத் தவறாமல் திறந்து மூட வேண்டும். நம் வீட்டுக் கதவுக் கீல் எத்தனை தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்! முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் செயற்கை நீலக்கல்லிலேயே தட்டுச் செய்து பார்த்தார்கள்; அதுவும் பயன்படவில்லை. நாலாவது மாதிரியை ஆடுகளிடம் சோதித்துத் தேறிய பிறகு, 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருதயங்களில் அது திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

பத்து வருஷத்துக்கு மேல் தோற்றுத் தோற்று உட்கார்ந்திருக்கத் துக்கம் மட்டும் போதாது. அந்தக் காரியத்தில் ஒரு ருசி இருக்க வேண்டும். ஆகையால் உங்கள் பெண்ணிடம் பாட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். வேறு கேள்வி கேளுங்கள். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் அதைத் திறந்து பார்க்கத் தோன்றுகிறதா? பௌதிகக் கணக்கு வராவிட்டால் மூடி வைக்கிறாளா, இரவு பத்து மணிக்கு மேலும் அதோடு மல்லுக்கட்டுகிறாளா? இரண்டாவது ரகமானால் தைரியமாக அனுப்புங்கள். இல்லை, மனசு இன்னும் ஸ்டெதாஸ்கோப்பில்தான் இருக்கிறது என்றால் மறுபடி நீட் எழுதுவது வேறு வழி; அதைத் தனியாக யோசியுங்கள், இதனோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

உங்கள் தம்பி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கல்லூரி வாசலுக்கே கம்பெனிகள் வருவது போல இதற்கு வருவதில்லை. ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளமும் பெரும்பாலும் குறைவுதான். இந்தப் படிப்பை முடித்துவிட்டுக் கடைசியில் ஸாஃப்ட்வேர் வேலைக்கே போய்ச் சேருகிறவர்களும் நிறைய. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இன்று இவர்கள் இல்லாமல் நடக்காது. கருவி செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் கருவியும் வாங்குவதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் இருக்கிறது. பழுதாகிக் கிடக்கும் கருவிகளைக் கணக்கெடுத்துச் செப்பனிடவென்றே 2015-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மேலே படிக்க விரும்பினால் சென்னை ஐ.ஐ.டி.யும், வேலூர் சி.எம்.ஸி.யும், நான் சொன்ன திருவனந்தபுரம் நிலையமும் சேர்ந்தே நடத்துகிற எம்.டெக். படிப்பு உண்டு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்து கற்றுக்கொள்கிற படிப்பு அது. நல்ல வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் நாலு வருஷத்தோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு வருஷம் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

தாத்தாவுக்கு இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். பெண் குழந்தையை அவ்வளவு தூரம் கிண்டிக்கு அனுப்புவதா என்று அவர் தயங்கினால், 1940-இல் அங்கே சேர்ந்த லலிதாவைப் பற்றிச் சொல்லுங்கள். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் விதவை, கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா சுப்பா ராவ் அதே கல்லூரியில் மின்சாரப் பேராசிரியர். முதல்வர் சாக்கோ அனுமதி வாங்கித் தந்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த இடம். அவளோடு இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்றே அச்சடித்து வைத்திருந்தார்களாம். அதை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் எஞ்சினீயர்களில் ஒருவராகி, பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் அவருக்குப் பங்கு இருந்தது. உங்கள் ஊர் அணை மட்டும் என்ன? கனடாக்காரர்களின் உதவியோடு எழுந்த குந்தா திட்டத்தில் சேர்ந்ததுதானே! எமரால்டுத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் எத்தனையோ வருஷமாகச் சமவெளிக்கு இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகிறபோது சென்னை.

பணத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, ஆனாலும் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு எஞ்சினீயரிங்கில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-இல் சட்டம் வந்தது. அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவையும் ஹாஸ்டல் செலவையும் அரசாங்கமே ஏற்கும் என்று அறிவித்தார்கள். சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் தனிச் சலுகை. தாசில்தார் ஆபீஸ் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுவார்கள்: கணக்கு 100, பௌதிகமும் ரசாயனமும் ஐம்பது ஐம்பது. பயாலஜி மார்க் இதில் சேராது. கிண்டியில் இடம் கிடைப்பது சுலபமல்ல. கிடைக்காவிட்டால் மனம் ஒடிய வேண்டாம். கோயமுத்தூரிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் சிலவற்றில் இந்தப் படிப்பு இருக்கிறது. சேருமுன் ஒரு தடவை நேரில் போய், லாபரட்டரியில் கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி என்றும் கேளுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும் பட்டியலை நிரப்பும்போது ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்க வேண்டும். பயோ மெடிக்கல் வேறு, பயோ டெக்னாலஜி வேறு. மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ் என்றால் அது இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி, சேர்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் இன்டர்நெட்டில்தான் நடக்கிறது, அதுவும் ஆடி மாத மழைக்காலத்தில். 2019 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, பாதையும் கம்பியும் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும். ஆகையால் கடைசி நாள் வரை எமரால்டில் காத்திருக்காதீர்கள். மேகம் கறுக்கிறபோதே பெண்ணை அழைத்துக்கொண்டு ஊட்டிக்கோ கோயமுத்தூருக்கோ முந்தின நாளே போய்விடுங்கள். தம்பி வீடுதான் இருக்கிறதே, பட்டியலை அவன் கையாலேயே நிரப்பச் சொல்லலாம்!